தெரிஞ்ச வார்த்தைதான் ஏமாத்தும்: பழைய இங்கிலீஷ்ல தோற்றத்த சொல்ற சொற்கள்

போன மாசம் ஒரு தங்கச்சி தன்னோட மொழிபெயர்ப்ப சரிபாக்க அனுப்பியிருந்தாங்க. பழைய ஸ்காட்லாந்து கதைப்பாட்டுங்க. தமிழ் அவ்ளோ அழகா வந்திருந்துச்சு, படிக்கப் படிக்க மனசு நெறஞ்சு போச்சு, ஆனா ஆறு வர்ற எடத்துல எல்லாம் 'வெளிறிய தண்ணீர்'னு இருக்கு. மூலத்துல 'வான் வாட்டர்'. இந்த வான் நம்ம ஆகாயம் இல்ல, டபிள்யூ ஏ என். இன்னிக்கு அதுக்கு ரத்தம் வத்தி வெளுத்துப்போன முகம்னுதான் அர்த்தம், போன்ல தட்டினா அதுதான் வரும். ஆனா ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி அந்த வார்த்தைக்கு இருட்டு, கருப்புன்னு பொருள். பேயோவுல்ஃப்ங்கற பழைய இங்கிலீஷ் காவியத்துல போர்க்களத்துப் பிணம் தின்ன வர்ற அண்டங்காக்காவுக்கு இதே அடைமொழிதான் போட்டிருக்கு, அண்டங்காக்கா எங்கயாச்சும் வெளிறிப்போய் இருக்குமா? ஸ்காட்லாந்து பாட்டுக்காரங்க அந்தப் பழைய பொருள விடாம வச்சிருந்தாங்க. அது கருத்த தண்ணி. ஆளை முழுங்குற தண்ணி.

அந்தப் பொண்ணு சோம்பேறித்தனமா செஞ்ச தப்பு இல்ல இது. தெரியாத வார்த்தை வந்தா நாம எல்லாரும் அகராதிய எடுப்போம். தெரிஞ்ச வார்த்தை வந்தா எடுக்க மாட்டோம், அங்கதான் மாட்டிக்கிறோம். அதுலயும் ஒரு பொருள் பாக்க எப்படி இருக்கு, எப்படித் தோணுதுன்னு சொல்ற சொற்கள்தான் ரொம்ப எடம் மாறியிருக்கு, ஏன்னா அதுல பாக்குறவனோட ரசனை, பயம், மதிப்பு எல்லாமே ஒட்டிக்கிட்டு வருது.

நானும் ஆரம்பத்துல இப்படி ஒண்ணு செஞ்சிருக்கேன். 991ல நடந்த மால்டன் போரப் பத்தின பாட்டுல ஒரு வாளோட முனைய 'ப்ரூன்'னு சொல்லியிருக்கும், இன்னிக்கு ப்ரவுன்னு சொல்றோமே அதோட முன்னோர். நான் 'பழுப்பு முனை வாள்'னு எழுதிட்டேன். வீரன் கையில துருப்பிடிச்ச கத்திய குடுத்த மாதிரி ஆயிடுச்சு. அந்தக் காலத்து நிறச் சொற்கள் நிறைய, என்ன நிறம்ங்கறத விட எவ்ளோ ஒளி, எப்படி மின்னுதுங்கறதத்தான் சொல்லும். பளபளன்னு தேய்ச்ச இரும்புல ஓடுற மினுக்கத்தத்தான் அந்தக் கவிஞர் சொல்லியிருக்கார்.

ஃபேர் பத்தி கொஞ்சம் நிறுத்தி சொல்லணும். நம்ம ஊர்ல 'பொண்ணு ஃபேரா இருக்கா'ன்னா சிவப்பா இருக்கான்னு அர்த்தம், அந்தப் பேர்ல முகப்பூச்சே வித்து 2020லதான் ஃபேர் அண்ட் லவ்லிய க்ளோ அண்ட் லவ்லின்னு மாத்துனாங்க. ஆனா அந்தச் சொல்லோட பழைய வடிவத்துல தோல் நிறமே கிடையாது. அழகானது, அவ்ளோதான். பேயோவுல்ஃப்ல மரத்தால கட்டின ஒரு மண்டபத்துக்கே அந்தச் சொல்ல போட்டிருக்கு. வெளுப்புங்கற பொருள் பின்னாடி வந்து ஒட்டிக்கிச்சு, ஒட்டினப்புறம் அழகும் வெளுப்பும் ஒண்ணுங்கற மாதிரி ஆயிடுச்சு, எனக்கு இதுல நெசமாவே வருத்தம் உண்டு. 1609ல வெளியான ஷேக்ஸ்பியர் சானெட்டுகள்ல, அதாவது பதினாலு வரிக் கவிதைகள்ல, 127வது, அந்தக் காலத்துல கருப்ப ஃபேர்னு யாரும் எண்ணலன்னு ஆரம்பிக்கும். அங்க ரெண்டு பொருளும் சேந்தே வேலை செய்யுது, 'அழகு'ன்னு மட்டும் போட்டாலும் 'வெளுப்பு'ன்னு மட்டும் போட்டாலும் பாதி கவிதை போயிடும்.

இன்னும் சிலத வேகமா சொல்லிடறேன். ஷீன் இன்னிக்கு பளபளப்பு, பதினாலாம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் தன் கதையில எமிலிங்கற பொண்ண அப்படிக் கூப்பிடறப்ப அழகின்னு பொருள். அக்லி, ஸ்காண்டிநேவியாவோட பழைய மொழியான நார்ஸ்ல இருந்து வந்தது, முதல்ல பயமுறுத்துறதுன்னு அர்த்தம், அசிங்கம்ங்கறது அப்புறம். ப்ரிட்டிக்கு ஆதியில தந்திரக்காரத்தனம்னு பொருள்.

ஹோம்லி கதை பழசு மட்டும் இல்ல, இன்னிக்கும் ஆளுங்கள காயப்படுத்துது. 1634ல நடிச்ச மில்டனோட கோமஸ் நாடகத்துலயே ஹோம்லியான முகம் இருக்கறவங்க வீட்டுலயே கெடக்கட்டும்னு ஒரு வரி வரும், அதாவது அழகில்லாத முகம். பிரிட்டன்ல அந்தச் சொல் வீட்டு வாசம், கதகதப்புங்கற பக்கம் போச்சு, அமெரிக்கால அந்த அழகில்லாதங்கற பொருளே நின்னுடுச்சு. நம்ம கல்யாண விளம்பரத்துல 'ஹோம்லி கேர்ள்'னா குடும்பப் பாங்கான பொண்ணு. எங்கிட்ட ஒரு அம்மா மகளோட விவரத்த இங்கிலீஷ்ல எழுதித் தரச் சொன்னாங்க, பையன் வீடு அமெரிக்காவுல இருக்கு, முதல் வரியே 'வெரி ஹோம்லி'. அங்க பொறந்து வளந்த பையன் படிச்சா என்னன்னு எடுத்துப்பான்னு சொன்னதும் அவங்க முகமே மாறிடுச்சு. தயவுசெஞ்சு அந்த வார்த்தைய எடுத்துடுங்க.

சந்தோஷமான விஷயமும் ஒண்ணு இருக்கு. ஷேக்ஸ்பியர்ல அடிக்கடி வர்ற 'மீதிங்ஸ்'அ நெறைய பேர் 'நான் நினைக்கிறேன்'னு எழுதறாங்க. பழைய இங்கிலீஷ்ல நினைக்கறதுக்கு ஒரு வினை, தோணுறதுக்கு வேற வினை, ரெண்டும் ஒலியில நெருங்கி பின்னாடி கலந்துபோச்சு. மீதிங்ஸ்ல இருக்கறது ரெண்டாவது. அதுல வர்ற 'மீ'க்கு 'என்னை'ன்னு அர்த்தம் இல்ல, 'எனக்கு'ன்னு அர்த்தம். 'எனக்குத் தோணுது', அப்படியே நம்ம தமிழ் வாக்கியம்! ஹாம்லெட்ல ராணி பேசற 'தி லேடி டத் ப்ரொடெஸ்ட் டூ மச், மீதிங்ஸ்'ங்கற அந்தப் பிரபலமான வரிய இப்படி வச்சுப் படிச்சுப் பாருங்க, நாக்குல தானா உக்காரும். இந்தக் காலத்து இங்கிலீஷ்காரங்களுக்குக் கூட விளக்க வேண்டிய விஷயம் நமக்கு வீட்டுப் பேச்சுலயே இருக்கு.

நான் செய்யறது இதுதான். மூலம் எந்த வருஷத்துதுன்னு முதல்ல தாள் மேல எழுதிடுவேன். நிறம், ஒளி, முகம், தோணுறது சம்பந்தப்பட்ட எல்லாச் சொல்லையும் பென்சில்ல வட்டம் போடுவேன், தெரிஞ்சதுதானேன்னு விட மாட்டேன். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதில ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டோட மேற்கோள் இருக்கும், என் மூலத்தோட வருஷத்துல எது புழக்கத்துல இருந்துச்சுன்னு பாப்பேன். ரொம்பப் பழசுன்னா பாஸ்வொர்த் டோலர் அகராதி, சாசர் காலம்னா மிச்சிகன் பல்கலைக்கழகத்தோட மிடில் இங்கிலீஷ் அகராதி, ரெண்டுமே நெட்டுல இலவசம். படிக்கிற பசங்க ஃபோன் ஆப் ஒண்ண மட்டும் நம்பி சாசர், ஷேக்ஸ்பியர் கிட்ட போகாதீங்க, அது பெரும்பாலும் இன்னிக்கு இருக்கற பொருளத்தான் எடுத்துக் குடுக்கும்.

அந்தத் தங்கச்சி ஆறு வர்ற எல்லா எடத்தையும் 'கருந்தண்ணி'ன்னு மாத்தி அனுப்பினாங்க. கூடவே நான் வட்டம் போடாத இன்னொரு ஃபேர்அ அவங்களே கண்டுபிடிச்சு கேள்விக்குறி போட்டிருந்தாங்க.