தெளிந்த தண்ணீரில் பட்டினி கிடக்கும் பவளம்

கோனியோபோராவை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் செடி என்றுதான் நினைப்பார்கள். கைக்கு அடங்கும் ஒரு கல், அதன்மேல் நெருக்கமாக எழுந்து நிற்கும் காம்புகள், ஒவ்வொரு காம்பின் நுனியிலும் செவ்வந்தி போல ஒரு பூ. பவளம் வளர்ப்பவர்கள் அதை ஃபிளவர்பாட் என்று கூப்பிடுவது இதனால்தான். உண்மையில் அந்தப் பூவின் நடுவில் இருப்பது ஒரு வாய். சுற்றியுள்ள இதழ்கள் உணர்நீட்சிகள். எண்ணினால் 24 இருக்கும். 12 தான் இருக்கிறது என்றால் அது அலவியோபோரா, பார்வைக்கு இதைப் போலவே இருக்கும் வேறொரு பவளம்.

வீட்டுக் கடல்நீர் மீன்தொட்டியில் கோனியோபோரா தங்காது என்பது ரொம்ப காலம் எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம். முதல் சில மாதங்கள் நன்றாகப் பூத்திருக்கும். அப்புறம் காம்புகள் வாரத்துக்கு வாரம் குட்டையாகும். ஓரத்தில் சதை விலகி வெள்ளை எலும்புக்கூடு தெரியும். ஓராண்டுக்குள் சுண்ணாம்புக் கட்டிதான் மிஞ்சும். நான் வளர்த்த முதல் கோனி ஒன்பதாவது மாதத்தில் போனது. உப்பு, கால்சியம், வெப்பநிலை எல்லாம் சரியாக இருந்தன. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து அப்போது பெருமைப்பட்டேன். பவளத்தைக் கொன்றதே அதுதான்.

பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சம் பட்டால் அவை சர்க்கரை தயாரித்து, பெரும்பங்கைத் தங்கியிருக்கும் வீட்டுக்கே கொடுத்துவிடும். பவளத்துக்குத் தேவையான ஆற்றலில் பெரும்பகுதி இப்படித்தான் கிடைக்கிறது. ஆனால் சர்க்கரையில் இருப்பவை கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே. புதிய சதைக்கும் கொட்டும் செல்களுக்கும் புரதம் வேண்டும், புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும். செல் பிரிய பாஸ்பரஸ் வேண்டும். நைட்ரேட்டில் இருப்பது அந்த நைட்ரஜன், பாஸ்பேட்டில் இருப்பது அந்தப் பாஸ்பரஸ். கஞ்சித் தண்ணியை மட்டும் குடித்து வளரும் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடியாடத் தெம்பு இருக்கும், உடம்பு தேறாது. விளக்கு எத்தனை பிரகாசமாக இருந்தாலும் இந்தக் குறை தீராது.

நம் தொட்டிகளில் புரோட்டீன் ஸ்கிம்மர் என்று ஒரு கருவி ஓடும். தண்ணீருக்குள் பொடிப்பொடியாகக் குமிழிகளை விடும். கரைந்திருக்கும் கரிமப் பொருள்கள் குமிழியின் மேல் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே வந்து கோப்பையில் சேரும். மிச்சமிருக்கும் பாஸ்பேட்டை இரும்பு ஆக்சைடு மணிகள் பிடித்துக்கொள்ளும். அலை மோதும் தெளிந்த நீரில் வாழும் அக்ரோபோரா போன்ற பவளங்களை மனதில் வைத்து உருவான முறை இது. கோனியின் பல இனங்களுக்கு வீடு அங்கே இல்லை.

அதைக் கண்ணால் பார்த்தது சிங்கப்பூரின் பூலாவ் ஹந்து தீவில். தண்ணீர் கலங்கல் பச்சை; இரண்டு மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. முகமூடிக் கண்ணாடிக்கு முன்னால் வண்டல் துகள்கள் மிதந்துகொண்டே இருந்தன. அதற்கு நடுவில், மணல் ஓரத்தில், பழுப்பும் சாம்பலுமாகக் கோனிகள். காம்புகள் முழுக்க நீண்டு, நீரோட்டத்தோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தன. எந்தக் கடையிலும் அவ்வளவு கொழுத்த கோனியை நான் பார்த்ததில்லை.

இப்போது என் தொட்டியில் நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.08. அதோடு வாரம் நான்கு நாள் தீனி. வாய் மிகச் சிறியது. இறால் துண்டெல்லாம் உள்ளே போகாது. ரோட்டிஃபர் என்ற நுண்விலங்கு, பொடித்த பிளாங்க்டன் என்ற மிதவை உயிர்கள் மாதிரி நுண்ணியவைதான் சரி. பம்புகளை 20 நிமிடம் நிறுத்திவிட்டு, பிப்பெட் என்ற உறிஞ்சு குழாயால் காம்புகளுக்கு மேலே மெல்லப் புகைபோல விட வேண்டும். துகள் பட்டதும் உணர்நீட்சிகள் உள்பக்கமாக மடங்கும், நடுவாய் சிறு புள்ளியாகத் திறக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

மாங்கனீசும் இரும்பும் துளியளவு சேர்த்தால் கோனி நன்றாக விரிகிறது என்பது வளர்ப்பவர்களின் அனுபவம். ஒளிச்சேர்க்கையின் முதல் படியில் தண்ணீர் மூலக்கூறைப் பிளக்கும் இடத்தில் மாங்கனீசு அணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே கிடைக்கும் எலக்ட்ரான்களைக் கடத்தும் புரதங்களில் இரும்பு இருக்கிறது. தண்ணீரில் இவை இரண்டும் வெகுநேரம் கரைந்து நிற்பதில்லை. அதனால் மொத்தமாக ஊற்றாமல் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக விடுவதே நல்லது.

நீரோட்டம் மிதமாக, திசை மாறி மாறி வர வேண்டும். ஒரே பக்கமிருந்து அறைந்தால் காம்புகள் ஒடுங்கிவிடும். விரிந்தால் பல மடங்கு பெரிதாகும் என்பதால் சுற்றிலும் ஒரு சாண் இடம் விடுங்கள். பாறையில் உரசினால் சதை தன் எலும்பின் கூர்மையிலேயே கிழியும். அந்தக் காயத்தில் பழுப்பு நிறக் கூழ் போல நோய் பிடித்தால் ஓரிரு நாளில் முழுப் பவளத்தையும் கரைத்துவிடும். கூழை உறிஞ்சி எடுத்து, பாதித்த பகுதியை உடனே வெட்டி நீக்குவதைத் தவிர எனக்குத் தெரிந்த வழியில்லை.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மன்னார் வளைகுடாவிலும் கோனியோபோரா உண்டு. ஆனால் இந்தியாவில் கல்பவளங்கள் அனைத்தும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடலில் இருந்து ஒரு துண்டு எடுப்பதும் குற்றம். வேறு நாடுகளில் வளர்ப்பவர்களும் பண்ணையில் வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். தொட்டிச் சூழலுக்குப் பழகிய அவை பிழைப்பதும் எளிது.

என்னிடம் இருப்பது கோனியோபோரா ஸ்டோக்சி. பாறையில் ஒட்டாமல் மணலில் சும்மா கிடக்கும் இனம். நன்றாகத் தின்று கொழுத்தால் அதன் சதைக்குள்ளேயே கோலிக்குண்டு அளவில் குட்டிகள் உருவாகும், ஒவ்வொன்றுக்கும் சொந்த எலும்போடு. போன மாதம் அப்படி ஒன்று கழன்று மணலில் விழுந்தது. இரண்டு நாள் மூடிக் கிடந்தது. மூன்றாம் நாள் மாலை பிப்பெட்டை எடுத்தபோது ஐந்தாறு காம்புகள் வெளியே நீண்டிருந்தன. தாய்க்குக் கொடுப்பதற்கு முன் அதற்குத்தான் முதலில் ஊட்டினேன்.