பழைய மோட்டார் சைக்கிளைப் பளபளப்பாக்கத் துடிப்பவர்களுக்கு

சென்ற மாதம் ஒரு தம்பி, தம் தந்தை ஓட்டிய ஹோண்டா இரட்டைச் சிலிண்டர் வண்டியை லாரியில் ஏற்றி என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். 1970களின் தொடக்கத்து வண்டி. "ஃபேக்டரியிலிருந்து வந்த மாதிரியே ஆக்கிவிட்டேன் அண்ணே, ஆனால் 20 நிமிடம் ஓடியதும் எஞ்சின் கத்துகிறது" என்றார். டேங்க்கைப் பார்த்தேன், என் முகம் தெரிந்தது. எஞ்சின் மூடியைப் பார்த்தேன், அதிலும் தெரிந்தது. எண்ணெயை வடித்து இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தபோது நறநறவென்றிருந்தது. எஞ்சின் உறைகளைக் கண்ணாடி மணிகளால் பிளாஸ்டிங் செய்து, அதாவது நுண்மணிகளைக் காற்றழுத்தத்தில் வீசித் துப்புரவாக்கி, குழாய்த் தண்ணீரில் அலசி, அப்படியே பூட்டியிருக்கிறார். எண்ணெய்த் துளைகளுக்குள் தங்கிய மணிகள் பேரிங்குகளை என்ன செய்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இந்த ஆண்டில் இப்படி வந்த நான்காவது வண்டி இது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பேரிங்கை மாற்றிவிடலாம். எனக்கு எரிச்சலூட்டுவது அந்தப் பளபளப்பு. "தொழிற்சாலை நிலை" என்றால் கண்ணாடிபோல் மின்ன வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அக்காலத் தொழிற்சாலைகள் வேலைக்குப் போகிறவர்களுக்கு வண்டி செய்தன, காட்சிக்கூடத்துக்குச் செய்யவில்லை. ஹோண்டாவின் எஞ்சின் பக்க மூடிகள் ஓரளவுக்கு மெருகேற்றப்பட்டு, மேலே நிறமற்ற வார்னிஷ் பூசப்பட்டே வெளிவந்தன. இன்று பலர் செய்வதுபோல் வார்னிஷைச் சுரண்டிவிட்டு வார்ப்பின் விளிம்புகள் மழுங்கும்வரை தேய்ப்பது தொழிற்சாலை செய்யாத வேலை. வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்) பற்றவைப்பின் தழும்பு கண்ணுக்குத் தெரியும். மூலைகளில் பெயிண்ட் மெல்லியதாக இருக்கும். திருகாணிகள் துத்தநாக முலாமின் மங்கலான மஞ்சள் சாயலில் இருக்கும். அவற்றையெல்லாம் கழற்றியெறிந்துவிட்டு மின்னும் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் திருகாணிகளை மாட்டிவிட்டு "அசல்" என்று சொல்வதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்புகூட வருவதில்லை. சென்னைத் திருவொற்றியூரில் செய்யப்பட்ட என்ஃபீல்டு புல்லட்டின் டேங்க்கில் ஓடும் பொன்னிறக் கோட்டைப் பாருங்கள். அது தூரிகையைப் பிடித்த கை ஒரே மூச்சில் இழுத்த கோடு, அதன் தடிமன் இடத்துக்கு இடம் சற்றே மாறும். டேப் ஒட்டி அளவெடுத்து அடித்த கோடு அதைவிடத் துல்லியமாக இருக்கலாம், ஆனால் அசல் ஆகாது.

இணையத்தில் பார்த்த படம்தான் பெரும்பாலோருக்கு ஆதாரம். அந்தப் படத்தில் இருப்பது வேறொருவர் தம் விருப்பத்துக்குப் புதுப்பித்த வண்டியாக இருக்கலாம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. உங்கள் வண்டியின் அசல் நிலைக்கு முதல் சாட்சி உங்கள் வண்டியேதான்: டேங்க்கின் அடிப்பகுதி, இருக்கைக்குக் கீழே, சின்னம் பொருத்திய இடத்தின் பின்புறம், பக்க மூடிகளின் உட்புறம் என்று வெயிலும் மெழுகும் தொடாத இடங்களில் பழைய நிறம் அப்படியே இருக்கும். அதற்குப் பிறகுதான் உற்பத்தியாளரின் உதிரிபாகப் பட்டியலும் நிறக் குறியீடும். ஹோண்டாவின் 'கேண்டி' நிறங்களுக்கு வெள்ளி நிற அடிப்பூச்சின்மேல் ஒளி ஊடுருவும் வண்ணப் பூச்சு வரும். அடிப்பூச்சும் மேற்பூச்சின் கனமும் மாறினால் நிறமே மாறிவிடும். நம் தம்பியோ ஏதோ ஒரு படத்தில் பார்த்த செக்கச்செவேலென்ற சிவப்பை ஒரே பூச்சாக அடிக்கச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் பழைய பூச்சு முழுவதையும் தகடு வெளுக்கும்வரை சுரண்டச் செய்திருக்கிறார்.

ஆகவே, ஒரு நட்டைத் தொடுவதற்கு முன் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படமெடுங்கள். ஒயர் ஓடும் வழி, கேபிள் வளையும் பக்கம், வாஷரின் வரிசை எல்லாம் அதில் இருக்கட்டும். கழற்றிய எதையும் வீசாதீர்கள். துருப்பிடித்தது, உடைந்தது, உதவாதது என்று நீங்கள் நினைப்பதையும் பையில் போட்டுப் பெயரெழுதி வையுங்கள். நல்ல பெயிண்ட் எங்கெல்லாம் மிஞ்சியிருக்கிறதோ அங்கெல்லாம் கழுவித் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய ஜப்பானிய வண்டிகளின் நட்சத்திரத் தலைத் திருகாணிகள் பார்ப்பதற்கு பிலிப்ஸ் என்னும் வழக்கமான வகை போலிருந்தாலும் பிலிப்ஸ் அல்ல, ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவைச் சேர்ந்தவை. பிலிப்ஸ் முனையை வைத்து அழுத்தித் திருகினால் அது வழுக்கி வெளியேறித் தலையைத் தின்றுவிடும். பிறகு துளைபோட என்னிடம் வருவீர்கள். பழைய பிரிட்டிஷ் வண்டி வைத்திருப்பவர்கள் விட்வொர்த் என்னும் பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பேனர் இல்லாமல் தொடவே வேண்டாம். அந்த மரையின் கோணம் 55 பாகை, மெட்ரிக் மரைக்கு 60 பாகை, இரண்டையும் வலிந்து சேர்த்தால் மரை அறுந்துவிடும்.

இனி உயிர் போகும் விஷயங்கள். காலியான பெட்ரோல் டேங்க்கை வீட்டில் பற்றவைக்காதீர்கள். நிறைந்த டேங்க்கைவிடக் காலியானதுதான் ஆபத்து, ஏனென்றால் வெடிப்பது பெட்ரோல் ஆவி. பிரேக் கிளீனர் தெளித்த பாகத்திலும் பற்றவைப்பு வேண்டாம். குளோரின் கலந்த வகையாக இருந்தால் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உண்டாகும். தண்ணீரில் மின்சாரம் செலுத்தும் மின்பகுப்பு முறையில் துருவை எடுப்பவர்கள் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் துண்டை நேர்மின்முனையாக வைப்பதை உடனே நிறுத்துங்கள். அந்தத் தண்ணீரில் புற்றுநோய் உண்டாக்கும் குரோமியம் கரைகிறது, அதைத்தான் நீங்கள் கழிவறையில் ஊற்றுகிறீர்கள். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். ஹார்டனர் கலந்து அடிக்கும் இரு கலவை பெயிண்ட்டில் ஐசோசயனேட் உண்டு. ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடிய அந்தப் புகைக்கு மருந்துக் கடையில் வாங்கிய முகக்கவசம் தடையே அல்ல. அந்த வேலையை ஸ்பிரே பூத் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசிப்பவர்கள் தாழ்வாரத்தில் டேங்க்கையும் தின்னர் டின்னையும் வைத்துக்கொண்டு வேலை செய்வதை நானே கண்டிருக்கிறேன். தீப்பிடித்தால் அண்டை வீட்டுப் பாட்டி ஓடிவர வேண்டிய வழி அது. எரியக்கூடிய எதையும் அங்கே வைக்க அனுமதியில்லை.

நம் ஊர்க் காற்றின் ஈரத்தில், பூச்சு நீக்கிய இரும்பு ஒரே இரவில் செம்மை தட்டிவிடும். சுரண்டிய அன்றே பிரைமர் அடிக்க முடியாதென்றால் சுரண்டவே வேண்டாம்.

சட்ட (ஃபிரேம்) எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவேட்டில் உள்ளபடி இருந்தாக வேண்டும். அவற்றைப் பிளாஸ்டிங்கில் மழுங்கடிப்பதும், தடித்த பவுடர் கோட்டிங்கில் புதைப்பதும், "தெளிவாக இல்லையே" என்று மறுபடி குத்துவதும் சோதனை நிலையத்தில் உங்களைத் திருடனைப்போல் நிற்கவைக்கும். இன்னொன்று: 2003 ஜூலை 1க்கு முன் பதிவான சாதாரண மோட்டார் சைக்கிள்களை 2028 ஜூன் 30க்குப் பிறகு சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓட்ட முடியாது. புதுப்பித்துவிட்டால் வண்டி தானாகவே அந்தத் தடைக்கு உட்படாத பழம்பெரும் வாகனப் பட்டியலில் சேர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். பட்டியல் என்பது பதிவைப் பொறுத்தது, பெயிண்ட்டைப் பொறுத்ததல்ல. உதிரிபாகத்துக்கு முதல் வெள்ளியைச் செலவழிப்பதற்கு முன் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் உங்கள் வண்டியின் நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தம்பியின் எஞ்சினை முழுக்கப் பிரித்து, ஒவ்வொரு எண்ணெய்த் துளையையும் தூரிகையும் கரைப்பானும் கொண்டு மும்முறை கழுவி, பேரிங்குகளை மாற்றியிருக்கிறேன். நிறத்துக்குத்தான் வழி தெரியாமல் நின்றோம். போன வாரம் அவருடைய அம்மா, பண்டக அறையில் 30 ஆண்டுகளாகக் கிடந்த உடைந்த பக்க மூடி ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். உட்புறத்தைத் துடைத்துப் பார்த்தோம். சிவப்பே இல்லை, தேன் நிறத்துக்கும் செம்புக்கும் இடைப்பட்ட ஒரு பொன்னிறம். தம்பி அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை.