கோர்ஸைத் தேர்ந்தெடுக்கும்போதே மனைவியின் விசாவும் முடிவாகிவிடுகிறது

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்திலிருந்து என்னிடம் அபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) போட வருகிறவர்கள் பலரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். "பையன் போய்ச் சேர்ந்துட்டான் சார், இனி மருமகளை அனுப்பணும், என்னென்ன பேப்பர் வேணும்?" கேரளத்தின் பாலக்காடு மாவட்டச் சித்தூரில் நோட்டரியாக இருப்பவனுக்கு பேப்பர் எழுதித் தருவது பெரிய வேலையில்லை. ஆனால் பையன் எந்த நாட்டில், என்ன படிப்பில், எந்த வகை விசாவில் சேர்ந்தான் என்பதைப் பொறுத்துத்தான் மருமகள் போக முடியுமா, போனால் வேலை பார்க்க முடியுமா எல்லாமே. அது அட்மிஷன் வாங்கியபோதே முடிந்துபோன சங்கதி.

பிரிட்டனைப் பாருங்கள். 2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் சாதாரண எம்.எஸ்சி., எம்.பி.ஏ. படிப்புகளுக்கு மனைவியையோ குழந்தையையோ டிபென்டன்டாக (மாணவரைச் சார்ந்து வரும் குடும்பத்தவராக) கூட்டிப்போக முடியாது. பிஎச்.டி. அல்லது ஆராய்ச்சி வகை மேற்படிப்பு, அல்லது அரசு உதவித்தொகையில் படிக்கும் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்பு, இவற்றுக்குத்தான் அனுமதி. சரி, படிப்பு முடிந்து, அங்கேயே தங்கி வேலை பார்க்க விடுகிற கிராஜுவேட் விசாவுக்கு மாறினதும் கூப்பிட்டுக்கொள்ளலாமே என்பார்கள். அதுவும் நடக்காது. மாணவர் விசாவிலேயே டிபென்டன்டாக இருந்தவர்கள்தான் அங்கே தொடர முடியும். இதைச் சொல்லாமல் "எல்லாம் பாத்துக்கலாம் சார்" என்று பணத்தை வாங்கிக்கொண்ட ஏஜென்ட்டுகளை நம்பி, கல்யாணமான கையோடு பெண்ணை அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போன பையன்களின் குடும்பங்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அமெரிக்காவில் கதவு திறந்தே இருக்கிறது, ஆனால் உள்ளே போனால் கை கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவரின் மனைவிக்கும் 21 வயதுக்குக் கீழான, திருமணமாகாத பிள்ளைகளுக்கும் எஃப்-2 விசா கிடைக்கும். ஒவ்வொருவருக்கும் கல்லூரி தனித்தனி ஐ-20 (சேர்க்கைச் சான்றுப் படிவம்) தர வேண்டும், அதற்குக் கூடுதல் பணம் காட்ட வேண்டும். மாணவர் பதிவுக்கான சேவிஸ் கட்டணம் மட்டும் டிபென்டன்டுக்குக் கிடையாது. இதில் யாரும் முதலில் சொல்லாத விஷயம், எஃப்-2-வில் ஒரு ரூபாய்கூட சம்பாதிக்க அனுமதியில்லை. கல்லூரிப் படிப்பும் பகுதி நேரமாகத்தான் முடியும், முழு நேரம் படிக்க அவரும் எஃப்-1-க்கு மாற வேண்டும். குழந்தைகள் பள்ளிக்கூடம் போகத் தடையில்லை. கோயம்புத்தூரில் நல்ல சம்பளத்தில் இருந்த இன்ஜினீயர் பெண், வேலையை விட்டுவிட்டுப் போய் பிஎச்.டி. முடியும்வரை வீட்டிலிருக்க வேண்டும் என்றால், அதை நிச்சயத்துக்கு முன்பே பேசிவிடுவது நல்லது, நோட்டரியிடம் வந்து பேசுவதற்கில்லை.

ஆராய்ச்சியாளர்கள் பலர் போகிற ஜே-1 என்ற பரிமாற்ற விசா வேறு மாதிரி. அவர் மனைவிக்கு ஜே-2, பேப்பர் ஐ-20-க்குப் பதில் டிஎஸ்-2019. அங்கே போனபின் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், கார்டு வந்ததும் வேலை பார்க்கலாம், ஆனால் அந்தச் சம்பளம் கணவரைத் தாங்குவதற்காக என்று எழுதக்கூடாது. மருத்துவக் காப்பீடு டிபென்டன்டுக்கும் கட்டாயம். ஃபுல்பிரைட் போன்ற அரசுப் பணத்தில் போனவருக்கு, படிப்பு முடிந்து சொந்த நாட்டில் இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வரும், அது ஜே-2-வில் போன மனைவியையும் பிடிக்கும்.

கனடாவில் 2025 ஜனவரி 21 முதல், 16 மாதத்துக்குக் குறையாத முதுகலை, முனைவர் படிப்பு, குறிப்பிட்ட சில தொழிற்படிப்புகள் ஆகியவற்றில் படிப்பவரின் துணைக்குத்தான் திறந்த வேலை அனுமதி, அதாவது எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கிற அனுமதி. டிப்ளமோ கோர்ஸில் சேர்ந்து மனைவியை வேலைக்கு அனுப்பிக் கடனை அடைக்கிற பழைய கணக்கு இனி ஒத்துவராது. ஆஸ்திரேலியாவில், மனைவி இப்போது வராவிட்டாலும் மாணவரின் விண்ணப்பத்திலேயே அவர் பெயரைச் சொல்லிவிட வேண்டும், மறைத்தால் பின்னால் சேர்ப்பது பெரும்பாடு. ஜெர்மனிக்கு மாணவரின் துணை பொதுவாக ஏ1 என்ற ஆரம்ப நிலை ஜெர்மன் மொழித் தேர்வு எழுதிவிட்டுத்தான் போக முடியும்.

இனி நம்ம ஊர் விவகாரம். இங்கே பெண் கேரளத்தில், பையன் பொள்ளாச்சியில், கல்யாணம் பழனியில் என்பது சாதாரணம். தமிழ்நாட்டில் நடந்த திருமணத்தை 90 நாளுக்குள் பதிய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு அடுத்த 60 நாள். கேரளத்தில் நடந்திருந்தால் 2008 விதிப்படி 45 நாள், திருமணம் நடந்த எல்லைக்குட்பட்ட பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ, இப்போது கே-ஸ்மார்ட் என்ற இணையதளம் வழியாக. பழனியில் நடந்த திருமணத்தைக் கொழிஞ்சாம்பாறை பஞ்சாயத்தில் கொண்டுபோய்ப் பதியப் பார்த்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கோயில் ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் மட்டும் விசாவுக்குப் போதாது. அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அரசு முத்திரை) தேவைப்பட்டாலும், சான்றிதழ் எந்த மாநிலம் கொடுத்ததோ அந்த மாநில அரசின் சான்றொப்பம்தான் முதலில்.

இங்கே ஒரு பழக்கம் பரவியிருக்கிறது, அதுதான் எனக்குக் கவலை. முகூர்த்தம் தையில், பையன் கிளம்புவது ஆவணியில். அதனால் "நடந்துவிட்டது" என்று ஆடியிலேயே பொய்யாக எழுதிப் பதிவு செய்துவிடுகிறார்கள். அப்புறம் விசா படிவத்தில் ஒரு திருமணத் தேதி, பத்திரிகையில் வேறு தேதி, ஆல்பத்தில் மூன்றாவது தேதி. விசா கவுன்டரில் இருப்பவர் பெண்ணிடம் "எப்போது கல்யாணம் ஆச்சு?" என்று கேட்கும்போது அவள் எதைச் சொல்வாள்? உண்மையைச் சொன்னால் சான்றிதழ் பொய், சான்றிதழைச் சொன்னால் போட்டோ பொய். அவசரம் என்றால் 1954-ஆம் வருட சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது, 30 நாள் நோட்டீஸ் கொடுத்து முறையாகச் செய்துகொள்ளுங்கள், பந்தலும் மேளமும் தையில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் படிவத்தில் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பெயர்க் குழப்பம் அடுத்தது. பெண்ணின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் "செல்வி எம்", ஆதாரில் "செல்வி முருகன்", கல்யாணச் சான்றிதழில் "செல்வி கார்த்திக்", பாஸ்போர்ட்டில் வெறும் "செல்வி". குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் "செல்வி" குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முன்பெயர் இடத்தில் எஃப்என்யூ (முன்பெயர் தெரியவில்லை) என்று அச்சாகிவிடும், அங்கே ஓட்டுநர் உரிமம்வரை அதுவே பின்தொடரும். அக்ஷயா சேவை மையத்தில் விண்ணப்பித்து வில்லேஜ் ஆபீசில், இந்தப் பெயர்களெல்லாம் ஒரே ஆளுடையவைதான் என்கிற ஒன் அண்ட் சேம் சர்ட்டிபிகேட் வாங்கினால் போதும் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். உள்ளூருக்கு அது நல்ல பேப்பர்தான், என் அபிடவிட்டும் அப்படியே. வெளிநாட்டு அதிகாரிக்கு இரண்டுமே துணைக் காகிதங்கள். பாஸ்போர்ட்டைத் திருத்திவிட்டு, அதில் உள்ளதையே எழுத்துக்கு எழுத்து ஐ-20-க்கும் படிவத்துக்கும் கொடுப்பதுதான் வழி, அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

குழந்தை இருந்தால் பெயர் சேர்க்காத பிறப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைக்குப் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழ் ஒன்றுதான் ஆதாரம்.

பணம் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டனுக்கு, காட்டுகிற தொகை தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் நிற்க வேண்டும், நடுவில் ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. கேரள அரசின் கேஎஸ்எஃப்இ சீட்டு அந்த மாதம் விழும், நகையை வைத்துப் பத்து நாளில் திருப்பிவிடலாம் என்ற திட்டமெல்லாம் இங்கே செல்லாது.

கடைசியாக, பிரசவத்துக்கு அம்மாவை டிபென்டன்டாக அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். முடியாது. எஃப்-2-விலும் ஜே-2-விலும் பெற்றோருக்கு இடமே கிடையாது. அம்மா பி-2 வருகையாளர் விசாவில்தான் போக வேண்டும், மருமகள் பிரசவத்துக்கு உதவப் போகிறேன் என்று தைரியமாகச் சொல்லலாம். மகன் அங்கே படிக்கிற விஷயத்தை மட்டும் ஏஜென்ட் பேச்சைக் கேட்டு மறைத்துவிடாதீர்கள், நெருங்கிய உறவினர் அமெரிக்காவில் இருக்கிறார்களா, என்ன நிலையில் இருக்கிறார்கள் என்று டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்திலேயே கேள்வி இருக்கிறது.