14 ஆண்டுகள் என்று உங்களுக்கு யார் சொன்னது?

சென்ற வாரம் என் அலுவலகத்துக்கு வந்த ஒரு தாயார், மஞ்சள் பையிலிருந்து தீர்ப்பு நகலை எடுத்து மேசையில் வைத்தார். கொலை வழக்கில் மகனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. மேல்முறையீடு செய்தீர்களா என்று கேட்டேன். "பதினாலு வருஷம்தானே சார், ராத்திரி பகல் ரெண்டும் தனித்தனிக் கணக்கு, ஏழு வருஷத்துல வந்துருவான்னு சொன்னாங்க" என்றார். குற்றவியல் வழக்கறிஞனாக இந்தக் கணக்கைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுவதும்தான். காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட கோபால் கோட்சே தொடுத்த வழக்கில், 1961-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. 14 என்ற எண், 1978-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 433ஏ பிரிவில் வந்தது; 2024 ஜூலையில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 475-ஆம் பிரிவு. மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவர் 14 ஆண்டுகளைச் சிறையில் கழிக்கும்வரை, தண்டனைக் குறைப்பின் பேரில் அவரை விடுவிக்கக் கூடாது என்று அது அரசுக்குக் கடிவாளம் போடுகிறது. அரசியல் சட்டப்படி ஆளுநருக்குள்ள மன்னிப்பு அதிகாரம் வேறு கதை. 14 முடிந்த மறுநாள் கதவு திறக்கும் என்று அந்தப் பிரிவில் எங்கும் எழுதப்படவில்லை. அரசு பரிசீலிக்கலாம், மறுக்கவும் செய்யலாம். 30 ஆண்டுகளுக்கோ சாகும்வரையிலுமோ குறைப்பே கூடாது என்று உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட முடியும் என்பது 2015-இல் உறுதியாயிற்று. ராத்திரி பகல் கணக்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

தூக்குத்தண்டனை கேட்டுக் கொதிப்பவர்களும் இதே பிழையின் மேல்தான் நிற்கிறார்கள்: 14 ஆண்டுகளில் வெளியே வந்துவிடுவான், ஆகவே தூக்கில் போடு. 1991-இல் கைதான பேரறிவாளனின் மரண தண்டனை 2014-இல் ஆயுளாகக் குறைக்கப்பட்ட பிறகும், 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தலையிட்டே விடுதலை கிடைத்தது. தூக்குத்தண்டனை எனக்கு உடன்பாடில்லை; ஆனால் அதை ஆதரிப்போர் சரியான கணக்கோடு வாதிடட்டும்.

மரண தண்டனை விதிக்கும் முன் குற்றவாளியின் சிறை நடத்தை, மனநிலை, நன்னடத்தை அலுவலரின் அறிக்கை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்று 2022-இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. நல்ல தீர்ப்புதான். ஆனால் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகளாக நெருக்கியடிக்கும் நம் சிறைகளில், ஒருவன் திருந்தினானா என்று உட்கார்ந்து எழுத யாருக்கு நேரம் இருக்கிறது?

ஆகவே குடும்பத்தார் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தீர்ப்பு வந்ததும் 60 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யுங்கள். மரண தண்டனையானால் 30 நாட்கள்தான். பணமில்லையென்றால் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே மனு அனுப்பலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரை இலவசமாகத் தரும். சீக்கிரம் வெளியே எடுத்துத் தருகிறேன் என்று வருபவரிடம் தயவுசெய்து ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சிறையில் இருப்பவரைப் பார்க்கப் போகும்போது, உள்ளே படித்ததற்கும் தொழில் கற்றதற்கும் சான்றிதழ் வாங்கச் சொல்லி, அதன் நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாயாருக்காகக் காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். தாமதத்துக்கான காரணம் என்ற பத்தி மட்டும் இன்னும் காலியாகவே இருக்கிறது.