சின்னத் தொட்டிதான் அதிக வேலை வாங்கும்

அதிகம் மெனக்கெடாமல் வளர்க்க ஒரு சின்ன உயிர் வேண்டும் என்று தேடுபவர்கள் பெரும்பாலும் மீனில்தான் வந்து நிற்பார்கள். குரைக்காது, முடி கொட்டாது, வெளியே கூட்டிப் போக வேண்டாம். ஒரு கண்ணாடிக் கிண்ணம், இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு ஃபைட்டர் மீன், ஒரு டப்பா தீனி. முதல் சில நாட்கள் எல்லாம் நன்றாகவே போகும். பிறகு மீன் அடியில் படுத்துக்கொள்ளும், செவுள் சிவந்து வேகமாக அசையும், தீனியைத் திரும்பியும் பார்க்காது. ஒரு நாள் காலையில் மிதக்கும். "நமக்கு மீன் ராசியில்லை" என்று முடித்துவிடுவார்கள். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த மீன் தன் கழிவே விஷமாகிச் செத்திருக்கிறது. எத்தனை நாளில் சாகும் என்பதைக்கூட ஓரளவு கணக்குப் போட்டுச் சொல்லலாம்.

உணவிலுள்ள புரதம் உடைந்தால் அம்மோனியா உருவாகும். மனித உடல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்புகிறது. அதற்குச் சக்தி செலவாகும். மீனுக்கு அந்தச் செலவு தேவையில்லை. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் அம்மோனியாவை அப்படியே, பெரும்பகுதி செவுள் வழியாக, வெளியே கசியவிடுகிறது. மீன் கழிவை அள்ளிவிட்டால் தண்ணீர் சுத்தமாகிவிடும் என்று நினைப்பது இதனால்தான் பலிப்பதில்லை. கண்ணுக்குத் தெரிகிற கழிவு சிறு பங்கு. பெரும்பங்கு ஒவ்வொரு மூச்சிலும் கரைந்துகொண்டிருக்கிறது. ஆற்றில் அதை ஓடும் தண்ணீர் கொண்டுபோய்விடும். கிண்ணத்தில் அது போக வழியில்லை.

ஒரு சின்னச் சிட்டிகைத் தீனி, அதாவது 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 40 சதவீதம் புரதம். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். ஆக 6.4 மி.கி. நைட்ரஜன், அம்மோனியாவாகச் சொன்னால் ஏறத்தாழ 7.8 மி.கி. இதை இரண்டு லிட்டர் கிண்ணத்தில் கரைத்தால் ஒரே நாளில் லிட்டருக்கு 3.9 மி.கி. அதே சிட்டிகையை 40 லிட்டர் தொட்டியில் போட்டால் 0.19 மி.கி. மீனின் உடலில் சேர்வதையும் அடியில் படிவதையும் கழித்தால் இரண்டு எண்ணும் கொஞ்சம் குறையும். இருபது மடங்கு வித்தியாசம் அப்படியே இருக்கும். கிண்ணம் வைத்திருப்பவர் தினமும் தண்ணீர் மாற்றியாக வேண்டும். 40 லிட்டர்க்காரருக்கு வாரம் ஒரு முறை போதும். சின்னத் தொட்டி சுலபம் என்ற நினைப்பு முழுக்கத் தலைகீழானது.

அம்மோனியாவின் அளவை மட்டும் பார்த்தால் போதாது. தண்ணீரில் அது இரண்டு வடிவில் இருக்கும்: விஷமுள்ள அம்மோனியா, அதைவிடப் பெரிதும் சாதுவான அம்மோனியம். எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பிஎச், அதாவது அதன் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண், தீர்மானிக்கிறது. 25 டிகிரி செல்சியஸில், பிஎச் 7 என்றால் மொத்தத்தில் 0.6 சதவீதம்தான் விஷ வடிவம். பிஎச் 8 என்றால் 5 சதவீதத்துக்கு மேல். 8.5-இல் 15 சதவீதம். லிட்டருக்கு 0.05 மி.கி. விஷ அம்மோனியா தொடர்ந்து இருந்தாலே செவுள் பாதிக்கப்படத் தொடங்கும். நம் கிண்ணத்துத் தண்ணீர் பிஎச் 8 என்றால் முதல் நாளிலேயே அதைப்போல் நான்கு மடங்கு. ஒருவர் வீட்டில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் மீன் இன்னொருவர் வீட்டில் ஒரு வாரம் தாங்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஃபைட்டர் மீன் எந்தக் கிண்ணத்திலும் வாழும் என்ற பெயர் எப்படி வந்தது? செவுளுக்கு மேலே லேபிரிந்த் என்றொரு மடிப்பு மடிப்பான உறுப்பு அதற்கு இருக்கிறது. மேலே வந்து காற்றை விழுங்கி அதிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். 25 டிகிரித் தண்ணீரில் அதிகபட்சம் லிட்டருக்கு 8.3 மி.கி. ஆக்சிஜன்தான் கரையும், சூடு ஏற ஏற அதுவும் குறையும். அந்தத் தட்டுப்பாட்டை ஃபைட்டர் சமாளித்துவிடும், மற்ற மீன்கள் திணறும். ஆனால் லேபிரிந்த் ஆக்சிஜன் பிரச்சினையைத்தான் தீர்க்கிறது. அம்மோனியா வெளியேறுவதும், அதே அம்மோனியாவால் எரிவதும் செவுள்தான். கோப்பைத் தண்ணீரில் உயிரோடு இருப்பதை வைத்து அது நலமாக இருப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத குடித்தனம்

இந்த விஷத்தைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் உண்டு. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். இவற்றை 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனித்துப் பிரித்துக் காட்டியவர் நுண்ணுயிரியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி. இரண்டாம் வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றே மீன் வளர்ப்பாளர்கள் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்பது 1998-இல் தெரிந்தது. 2005-இல் சியாட்டில் நகரின் மீன் காட்சியகத்துக் கடல்நீர்த் தொட்டி ஒன்றிலிருந்து, பாக்டீரியாவே அல்லாத ஆர்க்கியா வகை உயிர் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அதுவும் அம்மோனியாவைத் தின்கிறது. 2015-இல் இரண்டு வேலையையும் ஒரே உடலில் முடிக்கும் நைட்ரோஸ்பைரா அகப்பட்டது. அதைக் கண்ட இடங்களில் ஒன்று மீன் வளர்ப்பு அமைப்பின் வடிகட்டி.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் மந்தம். ஈகோலை போன்ற பாக்டீரியா நல்ல சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். இவை இரட்டிக்க அரை நாள், ஒரு நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். புதுத் தொட்டி பழக, அதாவது அதில் போதுமான நுண்ணுயிர் பெருக, நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிப்பது அதனால்தான். இன்னொரு குணம், தண்ணீரில் மிதக்காமல் ஃபில்டரின் ஸ்பான்ஜ், கூழாங்கல், கண்ணாடி என்று எதிலாவது ஒட்டிக்கொண்டு வாழ்வது. ஆகவே தண்ணீரை மாற்றினால் இவை போய்விடாது. ஸ்பான்ஜைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று அலசினால் போய்விடும்.

இடையில் வரும் நைட்ரைட்டும் லேசுப்பட்டதல்ல. செவுள் வழியாக ரத்தத்தில் ஏறி, ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத வடிவமாக மாற்றிவிடும். ரத்தம் பழுப்பாகும், தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மேல்மட்டத்தில் வாய் பிளக்கும். இதற்கு ஒரு எளிய முதலுதவி சாதாரண உப்பு. உப்பிலுள்ள குளோரைடும் நைட்ரைட்டும் செவுளில் ஒரே வாசல் வழியாக நுழையப் போட்டியிடுகின்றன; குளோரைடு அதிகமிருந்தால் நைட்ரைட் வெளியே நிற்கும். 40 லிட்டருக்கு 4 கிராம் உப்பைத் தனியே கரைத்து மெல்ல ஊற்றலாம். கூடவே தண்ணீரும் மாற்ற வேண்டும். உப்பு நைட்ரைட்டை அழிப்பதில்லை.

மீன் இல்லாமல் தொட்டியைப் பழக்குவது

மீனைத் தொட்டிக்குள் விட்டுவிட்டு நுண்ணுயிர் வளரட்டும் என்று காத்திருப்பது அந்த மீனை ஆறு வாரம் வதைப்பது. வரிசையை மாற்றினால் போதும்.

தொட்டியில் மணல் அல்லது கூழாங்கல், ஏர் பம்பில் ஓடும் ஸ்பான்ஜ் ஃபில்டர், குளோரின் நீக்கிய தண்ணீர். 40 லிட்டருக்கு 250 மி.கி. அம்மோனியம் குளோரைடு சேர்த்தால் அம்மோனியா லிட்டருக்கு 2 மி.கி. ஆகும். அவ்வளவு சின்ன அளவை நிறுக்க முடியாதென்றால், 10 கிராமைக் கரைத்து ஒரு லிட்டர் கரைசலாக்கி அதில் 25 மி.லி. ஊற்றினால் சரியாக வரும். வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் நுண்ணுயிர் சீக்கிரம் பெருகும். சொட்டுச் சொட்டாக மருந்து விட்டுச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டால் இரண்டு நாளுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். முதலில் அம்மோனியா அசையாமல் நிற்கும். ஒன்றிரண்டு வாரத்தில் அது இறங்க, நைட்ரைட் ஏறும். அம்மோனியா சுழியமானதும் மறுபடி அதே அளவு ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு 5 மி.கி.க்கு மேல் ஏற்றினால் நுண்ணுயிரே மந்தப்படும். நைட்ரைட் ஏறி நிற்கும் காலம்தான் பொறுமையைச் சோதிக்கும். ஊற்றிய 2 மி.கி. அம்மோனியாவும் அதிலிருந்து வந்த நைட்ரைட்டும் 24 மணி நேரத்தில் சுழியத்துக்கு வந்தால் தொட்டி தயார். முக்கால்வாசித் தண்ணீரை மாற்றிவிட்டு மீனை விடலாம்.

நோயில்லாத பழைய தொட்டியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பான்ஜ் ஒன்று கிடைத்தால், ஈரம் காயாமல் கொண்டுவந்து மாட்டினால் வாரங்கள் நாட்களாகச் சுருங்கும். இதைவிட நல்ல குறுக்கு வழி கிடையாது.

எங்கே சறுக்குகிறது

குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் நுண்ணுயிரையும் செவுளையும் ஒருசேரத் தாக்கும். வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். குளோரமின், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த பொருள், கலந்த தண்ணீர் என்றால் அப்படிப் போகாது. சோடியம் தயோசல்ஃபேட் கலந்த ஆன்டி குளோரின் துளிகள் வேண்டும். அவை குளோரமினை உடைக்கும்போது கொஞ்சம் அம்மோனியா மிஞ்சும். பழகிய ஃபில்டர் அதைத் தின்றுவிடும், பழகாத தொட்டியில் அது கூடுதல் சுமை.

மின்சாரம் போனால் ஃபில்டர் நிற்கும், நுண்ணுயிருக்கு ஆக்சிஜன் கிடைக்காது. மூடிய டப்பா வகை ஃபில்டர்களில் சில மணி நேரத்தில் உள்ளே அழுகத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அந்த அழுகல் தொட்டிக்குள் பாயும், எனவே திறந்து அலசிய பின்பே ஓட விட வேண்டும். தொட்டித் தண்ணீரிலேயே நிற்கும் ஸ்பான்ஜுக்கு இந்த ஆபத்து குறைவு.

எல்லாவற்றையும்விடக் குழப்புவது, வருஷக்கணக்கில் நன்றாக இருந்த தொட்டியில் தண்ணீர் மாற்றிய அன்றே மீன்கள் செத்துப்போவது. "புதுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்பார்கள். நடப்பது வேறு. ஒரு மி.கி. அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறும்போது, அமிலத்தைச் சமன்செய்யும் காரத்தன்மையில் 7 மி.கி. கரைந்துபோகும். நம் 40 லிட்டர் கணக்கில் வாரத்துக்கு லிட்டருக்கு 8 மி.கி. மென்மையான தண்ணீரில் இருப்பே 30 மி.கி. அளவில்தான் என்றால், தண்ணீரே மாற்றாமல் ஒரு மாதம் ஓடினால் கையிருப்பு தீர்ந்து பிஎச் 6-க்குச் சரியும். அங்கே நுண்ணுயிர் ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்துவிடும். அம்மோனியா சேரும், ஆனால் பிஎச் குறைவென்பதால் எல்லாம் சாதுவான அம்மோனியமாகக் கிடக்கும், மீனும் நீந்திக்கொண்டிருக்கும். அப்போது அக்கறையோடு பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு பிஎச் 8 தண்ணீரை ஊற்றினால், கிடந்த அம்மோனியத்தில் ஒரு பங்கு நிமிடங்களில் விஷ வடிவுக்கு மாறும். கவனிப்பாரற்றுக் கிடந்த தொட்டியை மீட்பதென்றால் நாளுக்குப் பத்து சதவீதமாக மாற்றிக்கொண்டு போவதுதான் முறை.

நைட்ரேட் நுண்ணுயிர்ச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. செடிகள் கொஞ்சம் உறிஞ்சும். மிச்சத்தை நாம்தான் வெளியே எடுக்க வேண்டும். தினம் 100 மி.கி. தீனி விழும் 40 லிட்டர் தொட்டியில் வாரத்துக்கு லிட்டருக்கு 5 மி.கி. நைட்ரேட் கூடும். வாரம் 10 லிட்டர், அதாவது கால்பங்கு மாற்றினால் அது 15-க்கும் 20-க்கும் இடையில் நிலைத்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்றால் 40-ஐத் தொடும். எடுத்த பழைய தண்ணீரை வாளியில் வைத்து, மாதம் ஒரு முறை ஸ்பான்ஜை அதிலேயே இரண்டு பிழி பிழிந்தால் போதும். ஆக மொத்தம் வாரத்துக்கு அரைமணி நேர வேலை.

எதை வளர்ப்பது? தனி ஃபைட்டர் என்றால் 20 லிட்டர் போதும், 24 முதல் 28 டிகிரி வெப்பம் வேண்டும். 100 மி.கி.யில் பாதித் தீனியே அதற்குப் போதுமானது. துள்ளிக் குதிக்கும் என்பதால் மூடி அவசியம். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே காற்று இடைவெளியும் அவசியம், மேலே வந்து மூச்செடுக்க முடியாவிட்டால் அது செத்துவிடும். கப்பி என்றால் 40 லிட்டரில் ஆறு ஆண்கள். பெண்ணைச் சேர்த்தால் நான்கு வாரத்துக்கு ஒரு முறை குட்டி போடும். ஒரு முறை இணைந்த பெண் விந்தைச் சேமித்து வைத்து மாதக்கணக்கில் குட்டி போடும், ஆண்களைப் பிரித்தும் பயனில்லை. செர்ரி இறால் இவை எல்லாவற்றையும்விடக் குறைவாக அழுக்காக்கும், பாசியை மேய்ந்தே பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் தாமிரம் கலந்த மீன் மருந்து ஒரு முறை விழுந்தாலும் மொத்தமும் காலி. கிண்ணத்தோடு படங்களில் வரும் தங்கமீன் சின்ன மீனே அல்ல. சாண் நீளம் வளரும், பத்து வருஷம் தாராளமாக வாழும், அழுக்காக்குவதில் அதை மிஞ்ச ஆளில்லை.

வெளியூர் போகும்போது தீனிக்கு ஏற்பாடு செய்யத் தவிக்க வேண்டியதில்லை. வளர்ந்த, நலமான மீன் ஐந்தாறு நாள் சாப்பிடாமல் இருக்கும். அதற்கு மேல் போகிறீர்கள், யாராவது வந்து போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு நாளுக்கான தீனியையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துக் கொடுத்துவிட்டு, தீனி டப்பாவை ஒளித்து வைத்துவிட்டுப் போங்கள்.