ரீசெட் வேறு, கேலிபரேஷன் வேறு: ஜெட் ஸ்கி மீட்டர் எப்படிக் கணக்குப் போடுகிறது

தண்ணீர் ஸ்கூட்டரான ஜெட் ஸ்கி நன்றாகப் பாய்கிறது, காற்று முகத்தில் அறைகிறது, ஆனால் மீட்டரில் வேகம் பூஜ்யம். இப்படி ஆனால் பெரும்பாலானவர்கள் கரைக்கு வந்து பேட்டரி ஒயரைக் கழற்றி, கால்மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி மாட்டிப் பார்ப்பார்கள். நானும் அதைத்தான் செய்தேன். கடிகாரம் நேரத்தை மறந்து 12:00 என்று நின்றது, வேகம் மட்டும் அதே பூஜ்யம். அதற்கப்புறம் உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது, ரீசெட் என்பது மீட்டர் நினைவில் வைத்திருப்பதை அழிக்கும் வேலை, கேலிபரேஷன் என்பது வெளியே இருந்து வரும் சிக்னலை அது எந்தக் கணக்கில் எண்ணாக மாற்றுகிறது என்பதைத் திருத்தும் வேலை. எனக்கு வந்த கோளாறு இந்த இரண்டிலும் சேராதது, அதற்குக் கொஞ்சம் பின்னால் வருகிறேன்.

ஜெட் ஸ்கி என்பது கவாசாகியின் வணிகப் பெயர். யமஹாவின் வண்டிக்கு வேவ்ரன்னர் என்று பெயர், சீ-டூ இன்னொரு பிராண்ட். பேச்சில் எல்லாமே ஜெட் ஸ்கி ஆகிவிட்டதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

மீட்டருக்குள் இருப்பது கணக்குப் போடும் சில்லான ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர், ஒரு எல்சிடி திரை, கொஞ்சம் நினைவகம். நினைவகத்தில் ஒரு வகை மின்சாரம் இருக்கும்வரைதான் தாக்குப்பிடிக்கும். கடிகாரத்தின் நேரம் அதில் இருந்தால் பேட்டரியைக் கழற்றியதும் போய்விடும். இன்னொரு வகைக்கு ஈஈப்ராம் என்று பெயர். அதில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய சிலிக்கான் துணுக்கில் அடைத்து வைத்த எலக்ட்ரான்கள்தான், துணுக்கைச் சுற்றிலும் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படலம். வெளியேற வழி இல்லாததால் பேட்டரியே இல்லாமல் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். எஞ்சின் ஓடிய மொத்த மணிநேரம், கிலோமீட்டரா மைலா என்ற தேர்வு, கேலிபரேஷன் எண்கள் எல்லாம் பொதுவாக இங்கேயோ, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவிலோ இருக்கும். அதனால் பேட்டரியைக் கழற்றுவதால் இவை எதுவும் மாறப்போவதில்லை.

அப்படியும் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் சீட்டைத் திறந்து உள்ளே தேங்கிய பெட்ரோல் ஆவி போகும்வரை காற்றாட விடுங்கள். மைனஸ் ஒயரை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். இதை யாரும் தவறவிடக்கூடாது, மூடிய அடிக்கூட்டுக்குள் ஒரு பொறி போதும்.

ட்ரிப் மீட்டரை அழிப்பது சுலபம், பெரும்பாலும் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடித்தால் சரி. சர்வீஸ் நினைவூட்டலை அழிக்கும் முறை மாடலுக்கு மாடல் மாறும், அந்த வண்டியின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும், சிலவற்றுக்கு டீலரின் கணினியே தேவைப்படும். அந்த நினைவூட்டல் ஆயிலின் நிலையைப் பார்த்துவிட்டு வருவதில்லை, மணிநேரத்தை எண்ணிக்கொண்டே போய்க் குறித்த இடம் வந்ததும் எரிகிறது, அவ்வளவுதான். ஆயில் மாற்றாமல் அதை அழித்தால் பழைய ஆயிலுக்குப் புதுக் கணக்கு தொடங்கும். எஞ்சின் மணிநேரத்தை மட்டும் பட்டனால் அழிக்க முடியாதபடி வைத்திருப்பது நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து, கைமாறும் வண்டியை வாங்குபவருக்கு அந்த எண்ணை விட்டால் வேறு சாட்சி சுலபத்தில் கிடைக்காது.

எதையும் தொடும் முன் இன்னொன்று பார்க்க வேண்டும். சாவி போட்டதும் பல மீட்டர்கள் ஓரிரு வினாடி எல்லாக் கோடுகளையும் ஒன்றாகக் காட்டும். அந்தக் கணத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு இலக்கமும் ஏழு கோடுகளால் ஆனது, ஏழும் தெரிந்தால் 8. நடுக்கோடு மட்டும் செத்திருந்தால் அதே 8 உங்களுக்கு 0 ஆகத் தெரியும், 48 கிலோமீட்டர் 40 ஆகிவிடும். அது திரையின் கோளாறு, ரீசெட்டோ கேலிபரேஷனோ அதைச் சரிசெய்யாது. திரையே மொத்தமாகக் கறுப்பாகத் தெரிந்தால் முதலில் நீங்கள் போட்டிருக்கும் கூலிங் கிளாஸைக் கழற்றிப் பாருங்கள், போலரைஸ்டு கண்ணாடி வழியாக எல்சிடியைச் சில கோணங்களில் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

மீட்டர் பைத்தியம் பிடித்த மாதிரி சிமிட்டினால் வோல்டேஜைப் பாருங்கள். முழுசாக சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6-க்கு மேல் காட்டும். ஸ்டார்ட்டர் சுழலும் நேரத்தில் அது சட்டென்று இறங்கும், பேட்டரி பலவீனமாக இருந்தால் மைக்ரோகன்ட்ரோலர் தாங்காத அளவுக்கு இறங்கி மீட்டர் தானாகவே ரீசெட் ஆகும். இப்படிப்பட்ட பேட்டரியை வைத்துக்கொண்டு கேலிபரேஷன் செய்வது வீண்வேலை.

சரி, வேகத்துக்கு வருவோம். ஜெட் ஸ்கிக்குச் சக்கரம் கிடையாது, அதனால் கார் மாதிரி எத்தனை சுற்று என்று எண்ணி வேகம் சொல்ல முடியாது. பல வண்டிகளில் பின்பக்கம், அடித்தட்டின் ஓரத்தில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துடுப்புச் சக்கரம் இருக்கும். தண்ணீர் ஓடும்போது அது சுழலும். அதில் காந்தம் பதித்திருப்பார்கள், எதிரே ஒரு ஹால் சென்சார். காந்தப்புலம் குறுக்கே வந்தால் கடத்தியில் ஓடும் மின்னோட்டம் ஒரு பக்கமாக ஒதுங்கிச் சின்ன வோல்டேஜ் உண்டாகும், 1879-இல் எட்வின் ஹால் கண்டுபிடித்தது. காந்தம் கடக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு துடிப்பு மீட்டருக்குப் போகும். தண்ணீரில் 5 சென்டிமீட்டர் நகர்ந்தால் ஒரு துடிப்பு என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 10 மீட்டர், ஆகவே வினாடிக்கு 200 துடிப்பு. மீட்டர் அந்த 200-ஐ எண்ணி, 5 சென்டிமீட்டரால் பெருக்கி 36 என்று எழுதுகிறது. கேலிபரேஷன் என்று நாம் சொல்வது இந்த 5 என்ற எண்ணைத் திருத்துவதைத்தான். அடித்தட்டை ஒட்டி ஓடும் தண்ணீரில் காற்றுக் குமிழி கலந்திருக்கும், ஓட்டத்தின் வேகமும் இடத்துக்கு இடம் மாறும், அதனால் காகிதத்தில் போட்ட கணக்கு நிஜத்தில் கொஞ்சம் தப்பும்.

என் வண்டியில் நடந்தது என்னவென்றால், அந்தச் சக்கரத்தின் அச்சில் தூண்டில் நரம்பு ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. தலைமுடி மாதிரி மெல்லிசு, குனிந்து டார்ச் அடித்துப் பார்க்கும்வரை தெரியவில்லை, நகத்தால் நிமிண்டி எடுக்க இருபது நிமிடம் ஆனது. எடுத்துவிட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, சக்கரத்தை விரலால் சுண்டினேன். நண்பர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். 3, 5, 4 என்று எண் எழுந்து அடங்கியது. சென்சாரும் ஒயரும் மீட்டரும் நன்றாகத்தான் இருந்திருக்கின்றன, எண்ணுவதற்குத்தான் எதுவும் வரவில்லை. சில மாடல்களில் எஞ்சின் ஓடாதபோது இந்தச் சோதனைக்குப் பலன் தெரியாது. அதற்காகக் கரையில் தண்ணீர் இணைப்பு இல்லாமல் எஞ்சினை ஓட விட வேண்டாம், வெளித் தண்ணீரால் குளிரும் பாகங்கள் சீக்கிரமே சூடாகிக் கெட்டுப்போகும்.

சக்கரம் சுழல்கிறது, ஆனால் எண் தப்பு என்றால்தான் கேலிபரேஷன். தூரம் தெரிந்த இரண்டு குறிகளுக்கு நடுவே ஒரே சீரான வேகத்தில் போய், அதே வழியில் திரும்பி வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போனால் நீரோட்டம் கணக்கில் கலந்துவிடும். உங்கள் உண்மையான வேகம் 40, நீரோட்டம் 4 என்றால் போகும்போது 44, வரும்போது 36. இரண்டு வேகங்களின் சராசரி சரியாக 40. ஆனால் மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் 39.6 தான் வரும், ஏனென்றால் மெதுவான பக்கத்தில் அதிக நேரம் கழிகிறது. பலர் சறுக்கும் இடம் இதுதான். கிடைத்த சராசரியை மீட்டர் காட்டிய எண்ணால் வகுத்தால் திருத்த விகிதம் கிடைக்கும். போகும்போதும் வரும்போதும் மீட்டர் 44 காட்டியிருந்து, உண்மை 40 என்றால் விகிதம் 0.91. சில மீட்டர்களில் இதை சதவீதமாகக் கொடுக்க இடம் இருக்கும், சிலவற்றில் இருக்காது.

ஜிபிஎஸ் வைத்த புதிய மாடல்களில் இந்த வேலையே இல்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் செயற்கைக்கோள்களிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் நம் நகர்வால் எவ்வளவு மாறுகிறது என்பதிலிருந்தே வேகத்தை எடுத்துவிடலாம். ஆனால் அது தரையை ஒப்பிட்ட வேகம், துடுப்புச் சக்கரம் சொல்வது தண்ணீரை ஒப்பிட்ட வேகம். ஓடும் ஆற்றில் இரண்டும் வேறு வேறு எண் காட்டும், இரண்டும் சரியாகவே இருக்கும். போனின் ஜிபிஎஸ் வேகத்தைப் பார்த்து மீட்டரைத் திருத்துபவர்கள் அசையாத தண்ணீரில் திருத்த வேண்டும்.

திசைகாட்டி உள்ள வண்டிகளில் கேலிபரேஷன் இன்னும் அழகானது. உள்ளே இருக்கும் காந்த சென்சார் புவியின் புலத்தை முன்பின், இடவலம் என்று இரண்டு அச்சில் அளக்கிறது. வண்டியை ஒரு முழு வட்டம் திருப்பி அந்த இரண்டு அளவுகளையும் வரைந்தால் பூஜ்யத்தை மையமாகக் கொண்ட வட்டம் வர வேண்டும். எஞ்சினின் இரும்பும் ஸ்பீக்கரின் காந்தமும் பக்கத்திலேயே இருப்பதால் வட்டம் ஒரு பக்கம் தள்ளிப்போயிருக்கும். ஒரு அச்சில் உச்சம் +40, கீழே −20 என்றால் நடு +10, அந்த 10-ஐ ஒவ்வொரு தடவையும் கழித்துவிட்டால் வட்டம் மையத்துக்கு வந்துவிடும். மெதுவாக ஓரிரு வட்டம் சுற்றுங்கள் என்று கையேடு சொல்வது எல்லாத் திசையிலும் உச்சத்தையும் அடியையும் பிடிக்கத்தான். அலை இல்லாத நேரமாக இருக்க வேண்டும், வண்டி சாய்ந்தால் புவிப்புலத்தின் செங்குத்துப் பகுதியும் உள்ளே கலந்து கணக்கைக் கெடுக்கும். இரும்புப் படகுகளை விட்டுத் தள்ளிப் போய்ச் செய்யுங்கள். எல்லாம் முடித்துவிட்டு முன்பெட்டியில் ப்ளூடூத் ஸ்பீக்கரை வைத்தால் வடக்கு மறுபடி நகர்ந்துவிடும், அதை வைத்துத்தான் ஓட்டுவீர்கள் என்றால் வைத்துக்கொண்டே கேலிப்ரேட் செய்யுங்கள்.

பெட்ரோல் அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும். மிதவை உயர உயர மின்தடை மாறும், மீட்டர் அதைப் படிக்கும், டேங்கில் பெட்ரோல் தளும்புவதால் பல வினாடிகளுக்குச் சராசரி எடுத்துத்தான் காட்டும். பொதுவான படகு மீட்டர்களில் அமெரிக்க அளவு காலிக்கு 240 ஓம், நிறைவுக்கு 33. ஐரோப்பிய அளவு காலிக்கு 10, நிறைவுக்கு 180. ஒன்றின் சென்சாரை இன்னொன்றின் மீட்டரோடு இணைத்தால் காலி டேங்க் நிறைந்ததாகக் காட்டும். எந்த கேலிபரேஷனுக்கும் முன் இந்த இரண்டும் ஜோடிதானா என்று பாருங்கள். டேங்க் நேரான பெட்டி அல்ல, வண்டியின் அடிக்கூட்டுக்குள் அடங்க வளைந்து நெளிந்திருக்கும், அதனால் பாதிக் கோடு என்பது பாதிப் பெட்ரோல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வேகத்தின் திருத்த விகிதத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, பிளாஸ்டிக் உறையில் கையேட்டோடு வைத்துவிடுங்கள். துடுப்புச் சக்கரத்தை மாற்றினாலும், சென்சாரை இடம் மாற்றினாலும் அந்தப் பழைய எண் பொருந்தாது, போய்த் திரும்பும் அந்த ஓட்டத்தை மறுபடி ஓடித்தான் ஆக வேண்டும்.