காலும் உளையுது, விதைப்பையும் இழுக்குது: இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்

நிலாவெளிக் கரையில் கரைவலை இழுப்பவர், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர், திருகோணமலைச் சந்தையில் நாள் முழுக்க நின்று வியாபாரம் செய்பவர் பலருக்கும் பின்னேரமானால் கால் கனக்கும், உளையும். கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழும். இடது விதைப்பையிலும் ஒரு இழுவை இருந்தால், அதை வெட்கத்தில் மறைத்துவிடுவார்கள். வைத்தியர் கேட்டால்தான் வாய் திறப்பார்கள்.

இரத்தம் மேலேறும் நாளங்களுக்குள் வால்வுகள் உண்டு. அவை சரியாக மூடாவிட்டால் இரத்தம் திரும்பி இறங்கித் தேங்கும். விதைப்பையில் அப்படி நாளம் புடைப்பதே வெரிகோசீல். ஆண்களில் ஏறக்குறைய 15 வீதமானோருக்கு உண்டு. இடது விதையின் நாளம் நீளமானது, சிறுநீரக நாளத்தில் செங்குத்தாகப் போய்ச் சேர்வது. அதனால்தான் பெரும்பாலும் இடப்பக்கமே வருகிறது. வெரிகோசீல் உள்ளவர்களிடம் கால் நாளக் கோளாறும் கூடுதலாகக் காணப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. நாளச் சுவரின் பலவீனம் இரண்டுக்கும் பொதுவாக இருக்கலாம். ஒன்று மற்றதை உண்டாக்குவதாக நிறுவப்படவில்லை. ஆகவே, விதைப்பையில் ஒப்பரேஷன் செய்தால் காலும் சுகமாகும் என்று யார் சொன்னாலும் நம்பவேண்டாம்.

படுக்கவைத்து மட்டும் பார்த்தால் இரண்டுமே தப்பிவிடும்; படுத்ததும் நாளம் வடிந்துவிடுகிறது. நின்றபடி, மூச்சை அடக்கி முக்கச் சொல்லித் தொட்டுப் பார்க்கவேண்டும். புடைத்த நாளங்கள் விரல்களுக்கிடையே புழுக்கூட்டம்போல் தட்டுப்படும். ஸ்கானில் நாளம் 3 மில்லிமீற்றருக்கு மேல் விரிந்து, முக்கும்போது இரத்தம் பின்னோக்கி ஓடினால் வெரிகோசீல் உறுதி. கால் ஸ்கானையும் நிற்கவைத்தே எடுக்கவேண்டும். தோலடி நாளத்தில் பின்னோட்டம் 0.5 செக்கனைத் தாண்டினால் வால்வு பழுது.

காலுக்கு முதல் மருந்து நடையும், படுக்கும்போது காலை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வைப்பதும்தான். இறுக்கக் காலுறையைக் காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் போடுங்கள்; வீங்கிய பின் போட்டால் சுருண்டு அந்த இடத்தையே இறுக்கும். நீரிழிவு உள்ளவர்கள், புகைப்பவர்கள் பாமசியில் தாமாக வாங்கக்கூடாது. காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி அடைபட்டிருந்தால் காலுறையே புண்ணாக்கும். கன்னியா வெந்நீரூற்றுக் குளிப்பு தசைவலிக்கு இதம், ஆனால் சூடு நாளத்தை விரிக்கும். குளித்தபின் உளைச்சல் கூடுவது அதனால்தான்.

வெரிகோசீல் எல்லாவற்றுக்கும் ஒப்பரேஷன் தேவையில்லை. நோவு விடாமல் இருந்தாலோ, விதை சுருங்கினாலோ, பிள்ளை தங்காத நிலையில் விந்துப் பரிசோதனை குறைவாக வந்தாலோதான் யோசிக்கவேண்டும். அந்தப் பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருக்கவேண்டும். ஒப்பரேஷனுக்குப் பின் குறைந்தது 3 மாதம் கழித்தே திரும்பச் சோதிக்கலாம், புது விந்தணு உருவாக அவ்வளவு காலம் எடுக்கும்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. வலப்பக்கம் மட்டும் புடைப்பு, நடுத்தர வயதுக்குப் பின் திடீரெனத் தோன்றிய புடைப்பு, படுத்தாலும் வடியாத புடைப்பு என்றால் சிறுநீரகக் கட்டி இருக்கிறதா என்று வயிற்றை ஸ்கான் செய்யவேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி நொந்தால் நாளத்துக்குள் இரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம்; எண்ணெய் போட்டு உருவவேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.